துஞ்சிய இடமும் அரசர் பெயரும்

செத்தாரைத் துஞ்சினார் என்பது மங்கல வழக்கு என்று இலக்கண உரைகள் கற்பிக்கின்றன. துக்க வீட்டுப் பேச்சுக்கு இவ்விளக்கம் முற்றும் பொருந்தும். பழைய அரசர் பெயர்களில் வரும் ‘துஞ்சிய’ என்பதற்கு அது போதாது. அங்கே இச்சொல்லின் முதல் வேலை, இன்ன அரசன் என்று அடையாளம் காட்டுவதே என்பது என் துணிபு.

புறநானூற்றில் பாண்டியன் நன்மாறன் இருவர். 55ஆம் பாட்டின் தலைவன் இலவந்திகைப்பள்ளித் துஞ்சியவன். 59ஆம் பாட்டின் தலைவன் சித்திரமாடத்துத் துஞ்சியவன். இந்த அடைகளை நீக்கினால் இருவரும் ஒருவராகிவிடுவர். இவை பாட்டின் கீழுள்ள குறிப்பில் வருபவை என்பதையும் கருத வேண்டும். உயிரோடிருந்தவனை எவரும் இப்படி அழைத்திருக்க முடியாது. பின்னாளில் பாடல்களைத் தொகுத்துக் காத்தவர்களுக்கே இந்தப் பிரிப்பு தேவைப்பட்டது.

சோழர் கல்வெட்டுகளில் இத்தேவை இன்னும் கூடுகிறது. அரசர்கள் மாறி மாறி இராசகேசரி, பரகேசரி என்று பட்டம் புனைந்தனர். பாட்டன் பெயர் பேரனுக்கும் வந்தது. தஞ்சைப் பெரிய கோயிலில் சோழ இளவரசி குந்தவை தன் தந்தை சுந்தர சோழனுக்குத் திருமேனி எடுப்பித்தாள். அக்கல்வெட்டு அவனைப் பொன்மாளிகைத் துஞ்சின தேவர் என்கிறது. அவளையோ பராந்தகன் குந்தவை என்கிறது. தந்தையின் இயற்பெயர் மகளின் பெயரிலேயே இருக்க, திருமேனிக்கு உரியவனைச் சொல்லும்போது மட்டும் அவன் இறந்த மாளிகை ஏன் வர வேண்டும்? வெறும் பராந்தகன் என்றால் அது 907 முதல் 955 வரை ஆண்ட அவன் பாட்டனையும் குறிக்கும். காஞ்சிப் பொன்மாளிகையில் இறந்தவன் சுந்தர சோழன் ஒருவனே. கண்டராதித்தன் மேற்கெழுந்தருளின தேவர் ஆனதையும் இவ்வரிசையில் வைக்கலாம். அது துறவா, இறப்பா என்பதில் அறிஞர் வேறுபட்டாலும், அடையாளம் காட்டும் வேலையை அத்தொடரும் செய்கிறது.

இதற்கு ஒரு தடை எழுப்பலாம். 949இல் தக்கோலப் போரில் மாண்ட சோழ இளவரசன் இராசாதித்தன் ஆனைமேல் துஞ்சின தேவர் எனப்பட்டான். போர்க்களச் சாவைத் துயில் என்பது மங்கலம் அல்லாமல் வேறென்ன? மங்கலம்தான், மறுக்கவில்லை. ஆனால் சாவைச் சொல்லாமல் விடுவதே நோக்கமென்றால் யானையைச் சொல்லியிருக்கத் தேவையில்லை. மென்மை வினைச்சொல்லில் இருக்கிறது, செய்தி அதற்கு முன்னுள்ள சொல்லில் இருக்கிறது. இரண்டையும் ஒன்றாக்கி மங்கலம் என்று முடித்துவிடுவதால்தான் இப்பெயர்களின் வரலாற்றுப் பயன் நழுவுகிறது.

மேல்பாடிக் கோயில் இதை நன்கு காட்டுகிறது. முதலாம் இராசராசன் தன் பாட்டன் அரிஞ்சயனுக்கு எடுத்த பள்ளிப்படை, அதாவது நினைவுக் கோயில், அது. கோயில் நிற்பது மேல்பாடியில்; கல்வெட்டு அவனைச் சொல்வதோ ஆற்றூர்த் துஞ்சின தேவர் என்று. இறந்த ஊர் அதற்குள் அவனுக்குப் பெயராகவே நிலைத்துவிட்டது. முதலாம் ஆதித்தனைத் தொண்டைமானாற்றூர்த் துஞ்சினவன் என்று ஊர்ப்பெயரை விரித்து எழுதியதும் அரிஞ்சயனிடமிருந்து பிரித்துக்காட்ட உதவியது.