பெயருக்கு முன்னே ஓர் எழுத்து

நாம் வாழும் புக்கிட் மேராவுக்கு மலாய் மொழியில் செம்மலை என்பது பொருள். வாழைமரத் தடுப்பு வைத்து வாள்மீன்களிடமிருந்து ஊரைக் காக்க வழி சொன்னான் ஒரு சிறுவன். அவன் அறிவுக்கு அஞ்சிய மன்னன் அவனைக் கொல்வித்தான். அந்தக் குருதியால் மலை சிவந்தது என்பது பழங்கதை. நிறம் ஊர்ப்பெயரில் நிலைத்தது; சிறுவனின் பெயரோ அதில் இல்லை. பெயரில் இடம் பெறாதவர் மறக்கப்படுவது எளிது.

இனி உங்கள் பெயரைப் பாருங்கள். முன்னால் நிற்கும் எழுத்து யாருடையது? அப்பாவுடையது. ஒரு காலத்தில் பலர் பெயருக்குப் பின்னால் சாதியும் ஒட்டியிருந்தது. 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு அதை விட்டுவிடச் சொன்னது. அவ்வாண்டு இறுதியில் பெரியார் மலாயாவுக்கு வந்தார். 1935இல் 'தமிழ் முரசு' தொடங்கிய கோ. சாரங்கபாணி சீர்திருத்தக் கருத்துகளை இங்கே பரப்பினார். பலருக்கு வால் போயிற்று, தலையெழுத்து நின்றது!

1999 முதல் 2011 வரை நம் அதிபராக இருந்தவர் எஸ். ஆர். நாதன். இராமநாதன் என்ற சொந்தப் பெயர் 'ஆர். நாதன்' ஆயிற்று, தந்தை செல்லப்பனின் எழுத்தோ முன்னாலேயே நின்றது.

இதிலும் ஒரு குறை உண்டு. அப்பாவின் எழுத்து வந்ததும் தாத்தாவின் எழுத்து உதிர்ந்துவிடும். அம்மாவுக்கோ பெரும்பாலும் இடமே கிடையாது. "உங்க தாத்தாவோட அப்பா பேரென்ன?" என்று கேட்டால் நம்மில் பலர் முழிப்போம்.

ஆகவே, இன்றிரவே வீட்டில் கேளுங்கள். அப்பா வழியிலும் அம்மா வழியிலும் மூன்று தலைமுறை, பாட்டிமார் பெயரோடு எழுதி வையுங்கள். ஓர் எழுத்துக்குள் அடங்காதவர்களுக்கு உங்கள் நோட்டுப் புத்தகத்திலாவது இடம் கொடுங்கள்.