ஸ்கேட்டிங் ஷூ நல்லா இருக்கு, பிரேம் மட்டும் மாத்தணுமா? 165, 195 கணக்கைத் தெரிஞ்சுக்கிட்டு வாங்குங்க!

2025 செப்டம்பரில் சீனாவின் பெய்டைஹே நகரில் நடந்த உலக ஸ்பீடு ஸ்கேட்டிங் சாம்பியன்ஷிப்பில், சென்னை வீரர் ஆனந்த்குமார் வேல்குமார் 1,000 மீட்டர் ஸ்பிரின்ட்டில் 1 நிமிடம் 24.924 விநாடிகளில் தங்கம் வென்றார். 42 கி.மீ. மாரத்தானிலும் அவருக்கே தங்கம். இந்த விளையாட்டில் இந்தியாவுக்கு முதல் உலக சாம்பியன் அவர்தான்.

பம்மலில் எங்கள் தெருவில் ஒரு பையன் ஸ்கேட்டிங் கற்றுக்கொள்கிறான். அவனுடைய பிரேம் வளைந்துவிட்டது. ஷூ நன்றாக இருந்ததால், அப்பா யாரிடமோ பழைய பிரேம் ஒன்றை வாங்கி வந்தார். வீட்டில் வைத்துப் பார்த்தால் முன் போல்ட் பொருந்துகிறது, பின் போல்ட் பொருந்தவில்லை. இரண்டு ஓட்டைக்கும் நடுவே 3 செ.மீ. வித்தியாசம்! கொடுத்த காசு திரும்பி வரவில்லை.

இந்த நிலைமை உங்களுக்கு வரக்கூடாது என்றால் என்ன பார்க்கணும்? வாங்க, ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

ஸ்கேட்டில் என்னென்ன பாகங்கள்?

ஸ்பீடு ஸ்கேட்டில் மேலே ஷூ, கீழே பிரேம், அதில் சக்கரங்கள், சக்கரத்துக்குள் பேரிங். ஷூவையும் பிரேமையும் பிடித்து வைத்திருப்பது பெரும்பாலும் இரண்டே போல்ட்தான். முன்பாதத்துக்குக் கீழே ஒன்று, குதிகாலுக்குக் கீழே ஒன்று. ஓடுபவரின் மொத்த எடையும் வேகமும் அந்த இரண்டு போல்ட்டில்தான் நிற்கிறது. அதனால் இங்கே 'கிட்டத்தட்ட பொருந்துது' என்ற பேச்சுக்கே இடமில்லை.

165ஆ, 195ஆ?

முன் ஓட்டையின் மையத்தில் இருந்து பின் ஓட்டையின் மையம் வரை உள்ள தூரம்தான் மவுண்ட் அளவு. ஸ்பீடு ஸ்கேட்டில் அதிகம் புழங்குவது இரண்டு அளவுகள்: 165 மி.மீ., 195 மி.மீ. சின்ன அளவு ஷூக்களில் பெரும்பாலும் 165 இருக்கும், பெரியவர்களின் ஷூக்களில் 195 அதிகம். ஆனால் ஷூ சைஸை வைத்து முடிவு செய்யாதீர்கள். பிரேமைக் கழற்றிவிட்டு, சாதாரண ஸ்கேலை வைத்து அளந்தாலே போதும். 16.5 செ.மீ. வந்தால் 165, 19.5 செ.மீ. வந்தால் 195.

ஓட்டை கொஞ்சம் நீளமாக இருக்கிறதே, நகர்த்தினால் சரியாகிவிடாதா என்று கேட்கலாம். அந்த இடைவெளி சில மில்லிமீட்டர் சரிசெய்வதற்கு மட்டும்தான். 3 செ.மீ. வித்தியாசத்தை அது தாங்காது. சில பிரேம்களில் இரண்டு அளவுக்கும் ஓட்டை இருக்கும். அது கிடைத்தால் நல்லது.

வேறு வகைகளும் உண்டு

பவர்ஸ்லைடு நிறுவனத்தின் 'ட்ரினிட்டி' வகையில் மூன்று போல்ட். அந்த ஷூவுக்கு இரண்டு போல்ட் பிரேம் நேரடியாகப் பொருந்தாது. சாகச ஸ்கேட்களில் வரும் 'யூ.எஃப்.எஸ்.' வகையில் ஓட்டைகளின் தூரம் 165க்கு மிக அருகில் இருக்கும். பார்த்து ஏமாந்துவிட வேண்டாம். அதில் முன்பக்கமும் குதிகாலும் ஒரே மட்டம். ஸ்பீடு மவுண்டில் இரண்டுக்கும் உயர வித்தியாசம் உண்டு. மாற்றிப் போட்டால் நிற்கும் நிலையே கெட்டுவிடும்.

பிரேம் நீளம் ஏன் முக்கியம்?

4×110 என்றால் 110 மி.மீ. விட்டமுள்ள 4 சக்கரங்கள். அவை ஒன்றோடொன்று உரசாமல் இருக்க, முதல் அச்சிலிருந்து கடைசி அச்சு வரை 33 செ.மீ.க்கு மேல் வேண்டும். 4×100க்கு 30 செ.மீ.க்கு மேல், 4×90க்கு 27 செ.மீ.க்கு மேல், 3×125க்கு 25 செ.மீ.க்கு மேல்.

பாதமே 21 செ.மீ. இருக்கும் குழந்தைக்கு 33 செ.மீ. பிரேம் போட்டால் என்ன ஆகும்? திருப்பத்தில் திணறும். 'வளர்ற புள்ளைதானே' என்று பெரிசாக வாங்குவது சட்டைக்கு சரி, பிரேமுக்கு சரி வராது. சக்கரம் பெரிதாக ஆக, பாதமும் தரையில் இருந்து உயரும், கணுக்காலுக்கு வேலை கூடும். போட்டிக்குப் போகும் பிள்ளை என்றால், அந்த வயதுப் பிரிவில் எந்த அளவு சக்கரத்துக்கு அனுமதி என்று கோச்சிடம் கேட்டுவிட்டு வாங்குங்கள்.

110 பிரேமில் 100 சக்கரம் போடலாம். 100 பிரேமில் 110 போட முடியாது.

போல்ட்டில் கவனம்

ஸ்பீடு ஸ்கேட்டில் வழக்கமாக வருவது எம்6, அதாவது 6 மி.மீ. தடிமன் போல்ட். சிக்கல் அதன் நீளத்தில்தான். நீளம் அதிகமானால் உள்ளே போய் முட்டிக்கொள்ளும். இறுகிய மாதிரி தெரியும், ஆனால் பிரேம் ஆடும். நீளம் குறைந்தால் இரண்டு மரை மட்டும் பிடித்து, ஒருநாள் பிய்த்துக்கொண்டு வரும். குறைந்தது 6 மி.மீ.யாவது மரைக்குள் இறங்க வேண்டும். முதல் நாள் ஓட்டி முடித்ததும் ஆலன் கீயால் இன்னொரு முறை இறுக்கிப் பாருங்கள்.

ஷூவில் புது ஓட்டை போடலாமா?

கூடாது. ஷூவின் அடிப்பாகத்தில் மரை உள்ள உலோகத் துண்டு பதித்திருப்பார்கள். வேறு இடத்தில் டிரில் போட்டால் அங்கே பிடிமானம் இருக்காது, அடித்தளமும் பலவீனமாகும்.

பனிச்சறுக்கிலும் இதே கதைதான். ஸ்னோபோர்டு பலகையில் போல்ட்டுக்கான எம்6 மரைகளை 4 செ.மீ. இடைவெளி போன்ற குறிப்பிட்ட அமைப்பில்தான் பதித்திருப்பார்கள். பலகையை மாற்றுபவர்கள், பழைய பைண்டிங்கின் தட்டு அந்த அமைப்புக்குப் பொருந்துமா என்றுதான் முதலில் பார்ப்பார்கள்.

காசு கொடுக்கும் முன்

* உங்கள் ஷூவைக் கையோடு கொண்டுபோய் பொருத்திப் பாருங்கள். ஆன்லைன் என்றால், ஓட்டைகள் மேல் ஸ்கேலை வைத்து போட்டோ அனுப்பச் சொல்லுங்கள்.
* பிரேமை ஒரு கண்ணாடி மேல் வைத்துப் பாருங்கள். ஆடினாலோ விரிசல் தெரிந்தாலோ வேண்டாம்.
* அச்சு போல்ட்களையும் சேர்த்துக் கேளுங்கள். அவை பிரேமுக்குப் பிரேம் மாறும், தனியாகத் தேடினால் சிரமம்.
* பேரிங் பற்றிக் கவலை வேண்டாம். 608 என்ற வகைதான் பெரும்பாலும். 22 மி.மீ. வெளி விட்டம், 8 மி.மீ. ஓட்டை.
* பழைய பிரேமைக் கழற்றும் முன், அது இருந்த இடத்தைப் பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். பழகிய கால் அந்த நிலையைத்தான் தேடும்.

பொருத்திய பிறகு குழந்தையின் கணுக்கால் உள்பக்கமாகச் சாய்ந்தால், பிரேமைக் கொஞ்சம் உள்பக்கம் நகர்த்திப் பாருங்கள். அப்படியும் சரியாகவில்லை என்றால் கோச்சிடம் காட்டுங்கள்.

எங்கள் தெருப் பையனுக்கு இப்போது 165 பிரேம் கிடைத்துவிட்டது. இந்த முறை அவன் அப்பா கடைக்குப் போனது கையில் ஷூவோடும், சட்டைப் பையில் ஸ்கேலோடும்!