சைகையை எப்படி எழுதுவது?

பேச்சை எழுதுவது ஒரு விதத்தில் சுலபம். ஒலிகள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன, எழுத்தையும் அப்படியே வரிசையாக வைத்துவிடலாம். சைகை மொழியில் கையின் வடிவம், அது இருக்கும் இடம், அசைவு, முகபாவம் எல்லாம் ஒரே நொடியில் நடக்கும். இதை எப்படி வரிசையில் நிறுத்துவது?

பாரிஸில் காதுகேளாத பிள்ளைகளுக்கு ஆசிரியராக இருந்த பெபியான் 1825-லேயே முயன்றார். சைகைகளை எழுதுவதற்கென்று குறியீடுகள் உருவாக்கிப் புத்தகமே போட்டார். பரவவில்லை. 1880-ல் மிலானில் கூடிய மாநாடு, பள்ளிகளில் வாய்ப்பேச்சுக்குத்தான் முதலிடம் என்று தீர்மானம் போட்டது. சைகையையே வகுப்பை விட்டுத் துரத்தியபின் அதற்கு எழுத்து யாருக்கு வேணும்?

அடுத்த முக்கியமான ஆள் வில்லியம் ஸ்டோக்கி. வாஷிங்டனில் காதுகேளாதோருக்கான காலடெட் கல்லூரிக்கு ஆங்கிலம் நடத்த வந்தவர். சைகை என்றால் அரைகுறை ஆங்கிலம் என்று பலர் நினைத்த காலம் அது. 1960-ல் அவர் ஒவ்வொரு சைகையையும் இடம், கைவடிவம், அசைவு என்று மூன்றாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் குறி கொடுத்தார். 1965-ல் காஸ்டர்லைன், குரோனெபெர்க் என்ற காதுகேளாத இரு சகாக்களோடு அகராதியும் வந்தது. அதில் சொற்கள் ஆங்கில அகரவரிசையில் இல்லை, சைகை உறுப்புகளின் வரிசையில் இருந்தன! இது தனி மொழிதான் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி இல்லை என்பேன். ஆனால் முகத்துக்குக் குறி கிடையாது. அமெரிக்க சைகை மொழியில் புருவத்தை உயர்த்தினால்தான் ஆமா-இல்லையா கேள்வி. ஆக, அது ஆய்வாளர்களின் கருவியாகவே நின்றுவிட்டது.

நடனத்தை எழுத முறை கண்டுபிடித்த வேலரி சட்டனை, 1974-ல் கோபன்ஹேகன் பல்கலைக்கழகம் சைகைக்கும் செய்யச் சொன்னது. அவர் வரிசையை விட்டுவிட்டுப் படமாக வரைந்தார். வெள்ளை என்றால் உள்ளங்கை, கறுப்பு என்றால் புறங்கை, வட்டம் என்றால் முகம். நிகராகுவாவில் காதுகேளாத பிள்ளைகள் இதில் எழுதப் படிக்கக் கற்றார்கள்.

'வீடியோ எடுத்தால் போச்சு' என்று தோன்றலாம். வீடியோவில் ஒரு சொல்லை மட்டும் அடித்துத் திருத்த முடியாது. முகத்தைக் காட்டாமல் புகாரும் கொடுக்க முடியாது.

2015-ல் யூனிகோட் இந்த எழுத்துக்கு 672 குறியிடங்கள் ஒதுக்கியது. நம்ம தொழில் ஆட்களுக்கு இங்கேதான் சுவாரசியம். 'கொ'வில் கொம்பு முன்னால், கால் பின்னால் என்று எழுத்துருவே வைத்துவிடும், ஏனென்றால் விதி மாறாது. சைகையில் கை மூக்கருகிலா, தாடையருகிலா என்பதே பொருளை மாற்றும். அந்த இடத்தை யூனிகோட் பதிவதில்லை. அதனால் ஒவ்வொரு குறிக்கும் எக்ஸ், ஒய் எண்களைச் சேர்த்துத் தனி வடிவில் சேமிக்கிறார்கள்.