ராக்கெட் எரிபொருளும் ஐம்பது பூனைகளும்

பி.காம். படிக்கிறவனுக்கு மூளை அலையோடு என்ன வேலை என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். காரணம் என் சித்தி.

சித்தி பையனுக்கு ஒன்பது வயது. ஐந்து நிமிஷம் ஓரிடத்தில் உட்கார மாட்டான். வாசிக்கச் சொன்னால் பாதியில் வரி தாவிவிடுவான். யாரோ சொன்னார்கள் என்று ஒரு மையத்துக்கு அழைத்துப் போயிருக்கிறார்கள். "மருந்தே வேண்டாம், மூளை அலையையே பழக்கிவிடலாம், 40 தடவை வந்தால் போதும்" என்றார்களாம். அதற்குக் கேட்ட தொகை என் மூன்று வருடக் கல்லூரிக் கட்டணத்தைவிட அதிகம். சித்தி வளையலைக் கழற்றி அடகு வைக்கத் தயார். "நீதான் எப்பப் பாரு எதையாவது தேடிப் படிச்சிட்டே இருப்பியே, இது நெசமான்னு கொஞ்சம் பாரேன்டா" என்றார். பார்க்க உட்கார்ந்தால் அது நூறு வருடக் கதையாக நீண்டுவிட்டது.

முதலில் அங்கே என்னதான் செய்கிறார்கள் என்று சொல்லிவிடுகிறேன். இதற்குப் பெயர் நியூரோஃபீட்பேக். ஈ.ஈ.ஜி. எடுப்பதுபோல் தலையில் சில கம்பிகளை ஒட்டுகிறார்கள். கிடைக்கிற மின்சாரம் ஒரு வோல்ட்டில் லட்சத்தில் சில பங்குதான். அதைப் பெருக்கிக் கம்ப்யூட்டருக்கு அனுப்பினால் அலை அலையாகப் பிரித்துக் காட்டும். வினாடிக்கு 4 முதல் 8 முறை துடிப்பது தீட்டா, 8 முதல் 12 வரை ஆல்ஃபா, அதற்கு மேலே பீட்டா. கவனம் சிதறுகிற பிள்ளைகளுக்குத் தீட்டா அதிகம், பீட்டா கம்மி என்பது இந்தத் துறையின் கணக்கு. திரையில் ஒரு கார் நிற்கும். பையனுக்குப் பீட்டா ஏறினால் கார் ஓடும், தீட்டா ஏறினால் நின்றுவிடும். ஸ்டியரிங் கிடையாது, பட்டன் கிடையாது. எப்படி ஓட்டுவது என்று யாரும் சொல்லித்தர முடியாது. மூளை தானாகக் கண்டுபிடித்துக்கொள்ளும் என்பது நம்பிக்கை.

இந்த அலைகளை மனிதனிடம் முதலில் பதிவு செய்தவர் ஜெர்மனியில் யேனா நகரத்து மனநல மருத்துவர் ஹான்ஸ் பெர்கர். அவர் தேடிப் போனது வேறொன்றை. இளைஞராக ராணுவத்தில் இருந்தபோது குதிரையிலிருந்து விழுந்து, பீரங்கி வண்டிச் சக்கரத்தில் மாட்டாமல் மயிரிழையில் தப்பினார். அன்றே வீட்டிலிருந்து தந்தி: நலமா? தம்பிக்கு ஏதோ ஆபத்து என்று அக்காவுக்குத் தோன்றி, அப்பாவை நச்சரித்து அனுப்ப வைத்திருக்கிறார். மனசிலிருந்து மனசுக்குச் சேதி போகிறது என்றால் மூளையிலிருந்து ஏதோ சக்தி கிளம்ப வேண்டுமே என்று பெர்கர் அதைத் தேடப் போனார். 1924-இல் கிடைத்தது மின் அலை. ஐந்து வருடம் தயங்கி 1929-இல்தான் வெளியிட்டார். 1934-இல் கேம்பிரிட்ஜில் ஏட்ரியன் செய்துபார்த்து உறுதிப்படுத்திய பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. (அக்காவின் தந்திக்கு மட்டும் இன்றுவரை விளக்கம் இல்லை!)

அலையைப் பார்க்கலாம், சரி. பழக்க முடியுமா? 1958 வாக்கில் சிகாகோவில் ஜோ காமியா ஒரு விளையாட்டு மாதிரி செய்துபார்த்தார். கண்ணை மூடி ஒருவர் உட்கார்ந்திருப்பார். மணி அடித்ததும் தனக்கு இப்போது ஆல்ஃபா ஓடுகிறதா இல்லையா என்று சொல்ல வேண்டும். சரியா தப்பா என்று உடனே சொல்லிவிடுவார்கள். முதல் நாள் பூவா தலையா கதைதான். சில நாளில் அவர் கிட்டத்தட்ட எல்லாவற்றையும் சரியாகச் சொன்னார். 1968-இல் இது பத்திரிகையில் வந்ததும் அமெரிக்காவில் ஆல்ஃபா பைத்தியம் பிடித்தது. ஞானம் பெற ஆல்ஃபா மெஷின் விற்றார்கள். எழுபதுகளில் ஆராய்ந்தபோது, கிடைத்த பரவசத்தில் பெரும்பங்கு மெஷினைவிட எதிர்பார்ப்பால் வந்தது என்று தெரிந்தது. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

இப்போது பூனைகள். எனக்கு இந்தக் கதையில் ரொம்பப் பிடித்த இடம்.

அறுபதுகளின் கடைசியில் கலிஃபோர்னியாவில் பாரி ஸ்டெர்மன் பூனைகளின் தூக்கத்தை ஆராய்ந்துகொண்டிருந்தார். உடம்பு ஆடாமல், ஆனால் முழுக் கவனத்தோடு ஒரு பூனை நிற்கும்போது (எலிப் பொந்துக்கு முன்னால் நிற்குமே, அந்த நிலை) உடல் அசைவுக்கான மூளைப் பகுதியில் வினாடிக்கு 12 முதல் 15 வரை ஓர் அலை வந்தது. அந்த அலை வந்தால் பாலும் கோழிச் சாறும் என்று பழக்கினார். பூனைகள் கற்றுக்கொண்டன. அத்தோடு அந்த ஆய்வு முடிந்தது.

அடுத்து வந்த வேலைக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. மோனோமெத்தில் ஹைட்ரசீன் என்ற ராக்கெட் எரிபொருள் உடம்பில் சேர்ந்தால் வலிப்பு வரும். எவ்வளவு சேர்ந்தால் வரும் என்று கண்டுபிடிக்க வேண்டும். 50 பூனைகளுக்கு ஊசி போட்டார்கள் (பாவம்தான்). பெரும்பாலானவற்றுக்கு எதிர்பார்த்தபடி வலிப்பு வந்தது. சில பூனைகளுக்கு மட்டும் ரொம்பத் தாமதமாக வந்தது, இரண்டு மூன்றுக்கு வரவே இல்லை. யார் இவை என்று பழைய குறிப்பைப் புரட்டினால், எல்லாம் முன்பு பால் குடித்துப் பழகிய பூனைகள்!

இந்த முடிவுக்கு ஏன் இவ்வளவு மதிப்பு? பூனைக்கு எதிர்பார்ப்பு கிடையாது. தனக்குச் சிகிச்சை நடந்தது என்றே அதற்குத் தெரியாது. ஊசி போடும்போது ஸ்டெர்மனும் பழைய பழக்கத்தைச் சோதிக்கும் எண்ணத்தில் இல்லை. யாரும் திட்டமிடாமலே ஒரு நேர்மையான பரீட்சை நடந்து முடிந்துவிட்டது. 1972-இல் அவர் வலிப்பு நோயுள்ள ஒரு பெண்ணுக்குப் பயிற்சி கொடுத்து, வலிப்பு குறைந்ததை வெளியிட்டார்.

பூனையிலிருந்து பிள்ளைகளுக்குக் கொண்டுவந்தவர் டென்னசி பல்கலைக்கழகத்தின் ஜோயல் லூபார். உடம்பைச் சும்மா வைத்திருக்கும் அலை என்றால் துறுதுறு பிள்ளைக்கும் உதவுமே என்று யோசித்தார். 1976-இல் வெளியான அவர் ஆய்வில் இருந்தது ஒரே ஒரு பிள்ளை. அலையைக் கூட்டப் பழக்கினால் நடத்தை சீரானது, வேண்டுமென்றே எதிர்த்திசையில் பழக்கினால் கெட்டது, மறுபடி திருப்பினால் மறுபடி சீரானது. கெட்டிக்காரத்தனமான ஆய்வுதான், மறுக்கவில்லை. ஆனால் ஒரு பிள்ளை. அதற்குப் பின் கம்ப்யூட்டர் விலை குறைந்தது, மையங்கள் பெருகின. போலி மெஷினை வைத்து ஒப்பிடும் பெரிய பரீட்சை மட்டும் நீண்ட காலம் நடக்கவில்லை. செலவு அதிகம், பிள்ளையை ஏமாற்றுவது தர்மமா என்றெல்லாம் காரணம் சொன்னார்கள். நடந்த ஆய்வுகளில் பெரும்பாலும் மார்க் போட்டவர்கள் பெற்றோர். பணமும் நேரமும் கொடுத்து, பிள்ளை சரியாக வேண்டுமே என்று தவிக்கிற பெற்றோர். எங்கள் ஆடிட்டிங் வகுப்பில் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். கணக்கு எழுதினவரே தணிக்கையும் செய்வதா?

2013-இல் சோனுகா-பார்க் குழுவினர் அதுவரை வந்த ஆய்வுகளைச் சேர்த்துப் பிரித்துப் பார்த்தார்கள். விஷயம் தெரிந்தவர்கள் போட்ட மார்க்கில் நல்ல பலன் தெரிந்தது. எந்தப் பிள்ளைக்கு என்ன சிகிச்சை என்று தெரியாதவர்கள் போட்ட மார்க்கில் அது கரைந்துபோனது.

கடைசியில் அந்தப் பரீட்சையும் நடந்தது. 2021-இல் முடிவு வெளியானது. அமெரிக்காவில் 7 முதல் 10 வயது வரை 144 பிள்ளைகள், ஆளுக்கு 38 அமர்வு வரை. ஒரு பகுதியினருக்கு அவரவர் மூளை அலையே திரையை ஓட்டியது. மற்றவர்களுக்கு ஏற்கெனவே பதிவு செய்து வைத்திருந்த அலை ஓட்டியது. பிள்ளைக்கும் தெரியாது, பெற்றோருக்கும் தெரியாது, பயிற்சி கொடுத்தவருக்கும் தெரியாது. முடிவு? இரண்டு பக்கமும் நன்றாகவே முன்னேறினார்கள். இரண்டுக்கும் வித்தியாசம் இல்லை. ஒரு வருடம் கழித்து நிஜப் பயிற்சி பெற்றவர்களுக்கு மருந்துத் தேவை குறைவாக இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் கவனத்தில் அப்போதும் வித்தியாசம் இல்லை. 2024 டிசம்பரில் 38 ஆய்வுகளை, மொத்தம் 2472 பேரை, சேர்த்துப் பார்த்தவர்களும் சொல்லிக்கொள்ளும்படியான பலன் இல்லை என்றே எழுதினார்கள்.

ஞாயிற்றுக்கிழமை சித்தி வீட்டில் காபி குடித்துக்கொண்டே இதையெல்லாம் சொன்னேன். பூனை வரைக்கும் சுவாரசியமாகக் கேட்டார். 144 பிள்ளைகள் கதை வந்ததும் நிறுத்தினார்.

"அப்ப பொய் மெஷின்ல உக்காந்த பிள்ளைங்களுக்கும் நல்லாச்சா?"

"ஆமா சித்தி."

"அதுங்களுக்கு என்னதான்டா பண்ணாங்க?"

படித்ததைச் சொன்னேன். ஒரு பெரியவர் பொறுமையாகப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். முப்பது நாற்பது தடவை, திட்டு வாங்காமல், ஒரே காரியத்தைப் பார்த்துக்கொண்டு உட்காரும் பழக்கம் வந்தது. தூக்கம், சாப்பாடு பற்றியும் வீட்டாருக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். இதில் எது வேலை செய்தது என்று அந்த ஆய்வால் பிரித்துச் சொல்ல முடியாது. முதலில் குழந்தை மருத்துவரைப் பார்க்கலாம், கண்ணையும் காட்டலாம், வாசிப்புக்கென்று பயிற்சி பெற்ற டீச்சரைத் தேடலாம் என்றேன்.

சித்தி ஒன்றும் சொல்லவில்லை. பையன் உள்ளே கேரம் போர்டில் ஒரு மணி நேரமாகத் தனியாக ஆடிக்கொண்டிருந்தான். வளையல் இன்னும் கையில்தான் இருக்கிறது. சனிக்கிழமைக்கு வாங்கின அப்பாயின்ட்மென்ட்டையும் இன்னும் ரத்து செய்யவில்லை.