யார் வெல்லுவார் எண்டு எழுதிக் குடுக்கிறது: அமெரிக்கக் கல்லூரி ஐஸ் ஹொக்கியின் கணிப்புப் போட்டிகள்

எங்களுக்கு ஹொக்கி எண்டால் புல்தரையும் வளைந்த மட்டையும்தான். வட அமெரிக்காவில் அந்தப் பெயரைச் சொன்னால் பனித்தளம், சறுக்குச் சப்பாத்து, 'பக்' எனப்படும் சின்னக் கறுப்புத் தட்டு. அங்கே பல்கலைக்கழக அணிகள் குளிர்காலம் முழுக்க விளையாடிவிட்டு, மார்ச் மாதத்தில் 'பிளேஓவ்' கட்டத்துக்கு வருகின்றன. முதலில் ஒவ்வொரு பிராந்தியக் கூட்டமைப்பும் தனக்குள்ளே ஒரு கிண்ணம் நடத்தும். அதற்குப் பிறகு நாட்டின் 16 அணிகள் தேசியப் போட்டிக்குப் போகும். இந்த ஒரு மாதத்துக்கு ரசிகர்கள் நடத்தும் இன்னொரு போட்டி இருக்கு: யார் யார் வெல்லுவார்கள் எண்டு முன்கூட்டியே எழுதிக் குடுப்பது. ஒருவர் கணிப்புகளைச் சேர்ப்பார், புள்ளி போடுவார், கடைசியில் முதலாமிடம் யாருக்கு எண்டு அறிவிப்பார்.

கேட்கச் சின்னப் பொழுதுபோக்கு மாதிரித்தான் இருக்கு. ஆனால் அந்த நடத்துனர் எழுதவேண்டிய விதிகளைப் பார்த்தால், அந்த விளையாட்டின் எழுபது வருடக் கதை முழுக்க அதற்குள்ளே கிடக்கிறது. அதைத்தான் இங்கே கொஞ்சம் கிளறிப் பார்க்கப் போகிறோம்.

முதல் தேசியப் போட்டி 1948 இல், கொலராடோ ஸ்பிரிங்ஸ் நகரின் புரோட்மோர் பனி அரங்கில் நடந்தது. அணிகள் நாலே நாலு: மிச்சிகன், டார்ட்மத், பொஸ்டன் கல்லூரி, கொலராடோ கல்லூரி. இறுதியில் மிச்சிகன் 8–4 எண்டு டார்ட்மத்தை வென்றது. முதல் பத்து வருடமும் போட்டி அதே அரங்கில்தான். நாலு அணி எண்டால் மூன்றே ஆட்டம், எட்டே எட்டு விதமான முடிவு. கணிப்புப் போட்டி வைத்தால் ஒன்பது பேர் சேர்ந்தவுடனேயே யாரோ இரண்டு பேரின் தாள் ஒரே மாதிரி வந்துவிடும். அந்தக் காலத்தில் உண்மையான சூதாட்டம் ஆட்டத்தில் இல்லை, அழைப்பில் இருந்தது: கிழக்கில் இரண்டு, மேற்கில் இரண்டு எண்டு ஒரு குழு தெரிவு செய்யும். அந்த நாலுக்குள் வராத அணிக்கு அந்த வருடம் அதோடு முடிந்தது.

1977 இல் ஐந்தாவது அணிக்கு இடம் கிடைத்தது. 1981 இல் எட்டு, 1988 இல் பன்னிரண்டு, 2003 இல் பதினாறு. எட்டு அணிக் காலத்தில் காலிறுதியை இரண்டு ஆட்டமாக வைத்து, இரண்டிலும் அடித்த கோல்களைக் கூட்டிப் பார்ப்பார்கள். முதல்நாள் 5–1 எண்டு வென்ற அணி மறுநாள் 2–4 எண்டு தோற்றாலும் மேலே போகும். "யார் வெல்லுவார்?" எண்ட கேள்வியே அங்கே குழம்பிப் போகிறது.

எழுதிக் குடுக்கும் பழக்கத்தை அமெரிக்காவில் பெரிதாக்கியது ஹொக்கி இல்லை, கல்லூரிக் கூடைப்பந்து. 1977 இல் நியூயோர்க்கின் ஸ்டேட்டன் ஐலண்டில் இருந்த ஜோடீஸ் கிளப் ஃபொரஸ்ட் எண்ட மதுச்சாலையில் 88 பேர் ஆளுக்கு 10 டொலர் போட்டு ஒரு கணிப்புப் போட்டி வைத்தார்கள். கடைசி நாலு அணி, சம்பியன், சமநிலை வந்தால் பிரிக்க இறுதி ஆட்டத்தின் மொத்தப் புள்ளி. கேட்டது அவ்வளவுதான். 2006 வரும்போது அந்த மதுச்சாலைப் பரிசு 15 லட்சம் டொலரைத் தாண்டியிருந்தது. பிறகு வருமான வரிச் சிக்கலில் போட்டியே நின்றது. 2003 இல் வொஷிங்டன் பல்கலைக்கழக அமெரிக்கக் கால்பந்துப் பயிற்றுநர் ரிக் நியூஹைசல், அயலவர்களோடு கூடைப்பந்துக் கணிப்பில் காசு போட்டதற்காக வேலையை இழந்தார். அப்படிச் சேரலாம் எண்டு அவருடைய பல்கலைக்கழகத்தின் விதி அலுவலரே முன்பு எழுத்தில் சொல்லியிருந்தார். வழக்கு 2005 இல் 45 லட்சம் டொலர் இணக்கத்தோடு முடிந்தது. கல்லூரி விளையாட்டில் பணம் வேண்டாம் எண்டு சொல்லிக்கொண்டே கோடிக்கணக்கில் உழைத்த அமைப்பு அது எண்டதையும் சேர்த்துத்தான் இந்தக் கதையை வாசிக்க வேண்டும். ஹொக்கி ரசிகர்கள் நடத்தும் போட்டிகளில் அநேகமாகப் பெருமை மட்டும்தான் பரிசு. எங்களுக்கு அது பிடித்திருக்கு.

இனிக் கணக்கு. கூடைப்பந்தில் 1985 இல் 64 அணி, 63 ஆட்டம் எண்டு ஆனது. ஒவ்வொன்றுக்கும் இரண்டு முடிவு எண்டால் மொத்தம் சுமார் 92 ஆயிரம் கோடி கோடி விதமான தாள்கள். முழுதும் சரியாக எழுதுவது மனிதரால் ஆகாத காரியம். ஹொக்கியில் 16 அணி, 15 ஆட்டம், 32,768 தாள்கள். ஒரு பெரிய அரங்கு நிறைய ஆட்கள் ஆளுக்கொரு வித்தியாசமான தாள் எழுதினால் யாரோ ஒருவர் முழுதும் சரியாக எழுதியிருப்பார்.

அதனால் ஹொக்கி லேசு எண்டு நினைக்கக் கூடாது. கூடைப்பந்தில் ஒரு ஆட்டத்தில் நூற்றுக்கு மேல் புள்ளி விழும். நல்ல அணியின் பலம் அந்த நூறில் எப்படியும் வெளிப்படும். ஹொக்கியில் மூன்று, நாலு கோலில் கதை முடிந்துவிடும். எதிரணிக் கோல்காப்பாளர் ஒருவர் அந்த இரவு உச்சத்தில் நின்றாரெண்டால் நீங்கள் என்ன கணக்குப் போட்டும் பயனில்லை. 2006 இல் ஹோலி குரொஸ் எண்ட சின்னக் கல்லூரி, 2002, 2003 இரண்டு வருடமும் சம்பியனான மினசோட்டாவை மேலதிக நேரத்தில் 4–3 எண்டு வீட்டுக்கு அனுப்பியது. 2009 இல் பதினாறு அணிகளுக்குள் கடைசியாக வரிசைப்படுத்தப்பட்ட பெமிட்ஜி ஸ்டேட், நோட்டர் டேமை 5–1, கோர்னெலை 4–1 எண்டு தோற்கடித்துக் கடைசி நாலுக்குள் போனது. அடுத்த வருடம் ரொச்செஸ்டர் தொழில்நுட்பக் கல்லூரி அதே வேலையைச் செய்தது. இதையெல்லாம் முன்பே எழுதினவர் ஒன்றில் அந்தக் கல்லூரியின் பழைய மாணவராக இருப்பார், இல்லாட்டில் நாணயம் சுண்டியிருப்பார்.

தேசியப் போட்டிக்கு முதல் வரும் கூட்டமைப்புப் பிளேஓவ்கள் நடத்துனருக்கு இன்னும் பெரிய தலையிடி. தேசியப் போட்டியின் வரைபடம், அதாவது 'பிராக்கெட்', முதலிலேயே நிலையாக இருக்கும்: இன்னார் வென்றால் இன்னாரைச் சந்திப்பார். ஆனால் பல கூட்டமைப்புகளில் ஒவ்வொரு சுற்று முடியவும் மிஞ்சிய அணிகளைத் திரும்ப வரிசைப்படுத்துவார்கள். மேலே இருப்பவருக்கு மிஞ்சியவர்களில் ஆகக் கீழே இருப்பவர் எதிராளி. ஒரு மூலையில் நடக்கும் அதிர்ச்சித் தோல்வி மற்ற எல்லா மூலையிலும் எதிராளியை மாற்றிவிடும். கூடவே, ஆரம்பச் சுற்றுகள் பல இடங்களில் மூன்று ஆட்டத் தொடர்களாகவே நடந்து வந்தன. ஆகவே நடத்துனர் முடிவெடுக்க வேண்டும். ஒவ்வொரு வாரமும் புதுத் தாள் வாங்குவதா? அல்லது ஆட்டத்தை விட்டுவிட்டு, "இந்தச் சுற்று வரை இந்த அணி வரும்" எண்டு மட்டும் முதலிலேயே எழுதச் சொல்வதா? இரண்டாவது முறையில் வாரவாரம் ஆட்களைத் துரத்தத் தேவையில்லை, ஆனால் முதல் வாரத்தில் விழுந்தவருக்குப் பிறகு பார்க்க ஒன்றும் மிச்சமிருக்காது. நாங்கள் நடத்தினால் வாரவாரம்தான் வாங்குவோம். தொடர் இரண்டில் முடியுமா மூன்றுக்குப் போகுமா எண்டதற்கும் ஒரு அரைப் புள்ளி வைப்போம்.

இதற்கிடையில் யார் 16 க்குள் வருவார் எண்ட பழைய கேள்விக்கு என்ன நடந்தது? எங்களுக்கு மிக முக்கியமாகப் படும் பகுதி இதுதான். ஆறு கூட்டமைப்புச் சம்பியன்களுக்கு நேரடி இடம், மிச்சம் பத்தைக் குழு தெரிவு செய்யும் எண்டு ஒரு கட்டத்தில் ஆனது. குழு பாவிக்கும் அளவுகோல்கள் வெளியே தெரிந்திருந்ததால், ரசிகர்கள் தாங்களே கணக்குப் பண்ணத் தொடங்கினார்கள். ஒவ்வொரு அணியையும் மற்ற ஒவ்வொரு அணியோடும் சோடி சோடியாக ஒப்பிட்டு, யார் கூடுதல் ஒப்பீட்டில் வென்றார் எண்டு வரிசைப்படுத்தும் 'பெயர்வைஸ்' பட்டியல் அப்படித்தான் ரசிகர் கைக்கு வந்தது. குழு அறிவிக்க முதலே பதினாறு பெயரும் தெரிந்துவிடும். மூடிய அறைக்குள் நடந்த ஒரு தீர்மானம், வீட்டில் இருந்து யாரும் சரிபார்க்கக் கூடிய ஒன்றாக மாறியது. இது சின்ன விடயம் இல்லை.

ஆனால் அந்தக் கணக்கு எவ்வளவு மெல்லிய நூலில் தொங்குது எண்டதற்கு இரண்டு வருடங்கள் போதும். 2013 இல் யேல் உள்ளே வருமா எண்டது யேல் விளையாடாத ஒரு ஆட்டத்தில் இருந்தது. மிச்சிகன் தன் கூட்டமைப்பு இறுதியில் நோட்டர் டேமிடம் தோற்றது, அதனால் யேலுக்கு இடம் கிடைத்தது. அந்த யேல்தான் கடைசியில் சம்பியன். இறுதியில் அது 4–0 எண்டு தோற்கடித்த குவினிப்பியாக், அதே பருவத்தில் யேலை மூன்று தடவை வென்றிருந்த அணி. 2018 இல் மினசோட்டா டுலுத் 0.0001 வித்தியாசத்தில் மினசோட்டாவை முந்தி உள்ளே வந்தது. அதுவும் சம்பியன் ஆனது.

இப்ப புள்ளி முறைக்கு வருவோம். வழமையான முறை 1, 2, 4, 8: முதல் சுற்றில் சரியான கணிப்புக்கு ஒன்று, பிறகு சுற்றுக்குச் சுற்று இரட்டிப்பு. ஒவ்வொரு சுற்றிலும் மொத்தம் எட்டு, எல்லாமாக 32. நியாயமாகத் தெரியும். ஆனால் சம்பியனைச் சரியாக எழுதியவருக்கு அந்த ஒரு பெயரால் மட்டுமே 1+2+4+8, அதாவது 15 புள்ளி. 2013 இல் பாசத்தால் யேல் எண்டு எழுதிய ஒருவர், மிச்ச எல்லாவற்றையும் யோசித்து எழுதியவரை லேசாகத் தாண்டிப் போயிருப்பார். எங்கள் பார்வையில் ஹொக்கிக்கு இது பொருந்தாத முறை.

மாற்று வழி ஒன்று ரசிகர் பக்கமிருந்தே இருக்கு. கென் பட்லர் எண்டவரின் பெயரில் வரும் 'க்ராக்' தரப்படுத்தலின் அடியில் இருக்கும் கணிதம், 1952 இல் பிராட்லி, டெரி இருவரும் எழுதியது. அதற்கும் முதல், 1929 இல், செர்மெலோ சதுரங்கப் போட்டிகளுக்காக யோசித்தது. அதன் அழகு, எண்ணை வாசிக்கும் விதம்: ஒரு அணிக்கு 300, மற்றதற்கு 100 எண்டால் முதலாவது நாலில் மூன்று தடவை வெல்லும் எண்டு எதிர்பார்க்கலாம். அப்படியெண்டால் அந்த 100 அணியைச் சரியாக எழுதியவருக்கு மூன்று மடங்கு புள்ளி குடுக்கலாம்தானே. துணிந்ததற்கும் கூலி, யோசித்ததற்கும் கூலி.

பெண்கள் போட்டியைப் பற்றி யாரும் அவ்வளவாகக் கதைப்பதில்லை. அவர்களின் தேசியப் போட்டி 2001 இல்தான் தொடங்கியது, திரும்பவும் நாலு அணியோடு. ஆண்களுக்கு 53 வருடம் முந்தியே கிடைத்தது அது. 2005 இல் எட்டு, 2022 இல் பதினொன்று. பதினொன்று எண்டால் 10 ஆட்டம், 1,024 தாள்கள். முழுச் சரியான தாள் ஒன்றை உண்மையிலேயே காணக்கூடிய இடம் அதுதான், ஆகவே ஒரு நடத்துனர் முதலில் தொடவேண்டியதும் அதுதான்.

எல்லா விதியும் எழுதின பிறகும் விதிக்குள் அடங்காத வருடம் வரும். 2020 மார்ச் 12 அன்று, கூட்டமைப்புப் பிளேஓவ்கள் பாதியில் நிற்கும்போது, கொவிட் காரணமாகத் தேசியப் போட்டி ரத்தானது. 2021 இல் போட்டி நடந்தது. ஆனால் தொற்றால் நோட்டர் டேமும் மிச்சிகனும் ஆடாமலே விலகின, பொஸ்டன் கல்லூரியும் மினசோட்டா டுலுத்தும் ஒரு கோலும் அடிக்காமல் அடுத்த சுற்றுக்குப் போயின. டுலுத் எண்டு எழுதியவருக்குப் புள்ளி உண்டா? மிச்சிகன் எண்டு எழுதியவருக்குக் கழிக்கலாமா? அந்த ஆட்டத்தை எல்லாருக்கும் வெறுமையாக்குவதுதான் சரி எண்டு நாங்கள் நினைக்கிறோம், மேலே போனதற்கான புள்ளியை அடுத்த சுற்றில் இருந்து தொடங்கலாம். அடுத்த நாளே டுலுத், முதலாம் வரிசை அணியான வட டகோட்டாவை ஐந்தாவது மேலதிக நேரத்தில் 3–2 எண்டு வென்றது. தேசியப் போட்டி வரலாற்றில் அதுவரை நடந்ததில் ஆக நீண்ட ஆட்டம் அது, 142 நிமிடத்துக்கு மேல்.