கணினியின் துபாஷி

ஒல்லாந்தர் கற்பிட்டியில் 1667ஆம் ஆண்டு கோட்டை கட்டத் தொடங்கினர். அத்தகைய ஆட்சியில் அந்நியருக்கும் உள்ளூராருக்கும் இடையே துபாஷி இன்றியமையாதவன். அவன் ஒரு சொல்லைப் பிழைபடப் பெயர்த்தால் இரு தரப்பாருக்கும் கேடு.

கணினிக்குள்ளும் ஒரு துபாஷி உண்டு. பணிசெயல் முறைமை பொதுக்கட்டளை இடும். அச்சுப்பொறியோ தன் மொழியன்றிப் பிறிதறியாது. இடைநின்று பெயர்க்கும் நிரலே சாதனச் செலுத்தி. 1969இல் பெல் ஆய்வுகூடத்தில் கென் தொம்சனும் டெனிஸ் ரிச்சியும் தொடங்கிய யூனிக்ஸ், சாதனங்களையும் கோப்புகளைப் போலவே கையாள வழிசெய்தது. சாதனந்தோறும் வேறுபடும் நுணுக்கங்கள் செலுத்தியின் பொறுப்பாயின.

பொறுப்பைப் போலவே ஆபத்தும் பெரிது. முறைமையின் கருப்பகுதிக்குள் இயங்கும் செலுத்தி தவறினால் கணினி முழுவதுமே நின்றுவிடக்கூடும். 2001இல் ஸ்ரான்போட் பல்கலைக்கழக ஆய்வாளர் லினக்ஸைச் சோதித்து, செலுத்திகளில் பிழைவீதம் ஏனைய பகுதிகளிலும் 3 முதல் 7 மடங்கு வரை மிகுந்திருக்கக் கண்டனர்.

ஆதலால் நிரலாக்கம் அறிந்தோர்க்கும் இத்துறையில் மேற்பயிற்சி வேண்டும். நினைவகத்தைக் காத்தல், சாதனம் திடீரென விடுக்கும் அழைப்புக்கு உடன் விடையிறுத்தல், ஒரே வேளையில் வரும் இரு வேலைகள் மோதாது தடுத்தல் ஆகியவையே அதன் பாடங்கள். கொழும்புப் பல்கலைக்கழகம் 2000ஆம் ஆண்டில் தொடங்கிய தகவல் தொழினுட்ப வெளிவாரிப் பட்டக்கல்வி, புத்தளக் கரையோர மாணவர்க்கும் அடிப்படைக்கு வழி திறந்தது. 1991இல் லினஸ் தோர்வால்ட்ஸ் தொடக்கிய லினக்ஸின் மூலநிரலோ எவரும் வாசிக்கக் கிடைப்பது. நல்ல துபாஷி இரு மொழியும் கேட்டுப் பழகியே உருவானான். செலுத்தி எழுதுவோனுக்கும் வேறு வழியில்லை.