புனித கிறிஸ்டோபர் ஹாஸ்பிஸ்

இலண்டனின் தென்கிழக்கே, சிடனம் பகுதியில் உள்ள பராமரிப்பு இல்லம். இனிக் குணமாகாது என்ற நிலையில் இருப்பவர்கள் கடைசி நாட்களில் தங்குவதற்காக 1967 ஜூலையில் 54 படுக்கைகளுடன் திறக்கப்பட்டது. சாகக் கிடப்பவர்களுக்கு இடம் கொடுத்த கன்னியர் இல்லங்கள் அதற்கு முன்பே இருந்தன. பராமரிப்பு, ஆராய்ச்சி, பயிற்சி மூன்றையும் ஒரே கூரையின்கீழ் கொண்டுவந்தது இந்த இல்லம். நவீன ஹாஸ்பிஸ்களின் தாய்வீடு என்று இதைக் குறிப்பிடுவது அதனால்தான். ஹாஸ்பிஸ் என்பது இலத்தீன் வழிவந்த சொல். பழைய ஐரோப்பாவில் யாத்திரிகர்கள் தங்கிப்போன விடுதிக்குப் பெயர். நம் ஊர்ச் சத்திரம்தான். கிறிஸ்டோபரும் வழிப்போக்கர்களின் காவலராக வணங்கப்படும் புனிதர்.

நிறுவியவர் சிசிலி சாண்டர்ஸ் (1918–2005). முதலில் நர்ஸாக இருந்தார். முதுகுக் கோளாறால் அந்த வேலையை விட்டு, நோயாளிகளின் குடும்ப, பணக் கவலைகளைக் கவனிக்கும் மருத்துவமனைச் சமூகப் பணியாளரானார். அங்கே 1947இல் டேவிட் டாஸ்மாவைச் சந்தித்தார். வார்சாவிலிருந்து வந்த யூதர்; நாற்பது வயது; அறுவை சிகிச்சைக்கு அடங்காத புற்றுநோய். இப்படிப்பட்டவர்களுக்கென்று ஓர் இடம் இருந்தால் எப்படி இருக்க வேண்டும் என்று இருவரும் கட்டில் ஓரத்தில் பேசிக்கொண்டே இருந்தார்கள். 1948 பிப்ரவரியில் டாஸ்மா இறந்தார். சிசிலிக்கு 500 பவுண்டு எழுதிவைத்திருந்தார். நீங்கள் கட்டப்போகும் வீட்டில் நான் ஒரு ஜன்னலாக இருக்கிறேன் என்று சொல்லிவிட்டும் போயிருந்தார். அந்த ஜன்னலைச் சுற்றி வீடு எழும்ப 19 வருடம் ஆயிற்று. வேலைப்பாடு எதுவும் இல்லாத வெறும் கண்ணாடிதான் அது.

இறப்பவர்களைக் கைவிடுவது டாக்டர்கள்தான், ஆகவே நீங்களே டாக்டராகிவிடுங்கள் என்று நார்மன் பாரெட் என்ற அறுவை சிகிச்சை நிபுணர் சொன்ன யோசனையை சிசிலி அப்படியே எடுத்துக்கொண்டார். 33 வயதில் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து 1957இல் தேறினார்.

இல்லத்தின் வரலாற்றில் கட்டடத்தைவிட முக்கியமானது ஒரு கடிகாரக் கணக்கு. அந்நாளைய மருத்துவமனைகளில் நோயாளி வலி பொறுக்காமல் கேட்ட பிறகே மார்ஃபின் ஊசி வரும். பழக்கமாகிவிடும் என்ற பயத்தில் அதையும் முடிந்தமட்டும் தள்ளிப்போடுவார்கள். மார்ஃபின் சுமார் நான்கு மணி நேரம் வேலை செய்யும். அது இறங்கி வலி ஏறும்வரை காத்திருந்து கொடுத்தால் ஒவ்வொரு முறையும் வலியை முதலிலிருந்து துரத்த வேண்டும். மருந்தும் கூடுதலாகத் தேவைப்படும். வலி திரும்புவதற்கு முன்பே, கேட்காமலே, மணி பார்த்து வாய்வழியாகக் கொடுத்தால் நோயாளி கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு படுத்திருக்க வேண்டியதில்லை. எழுந்து உட்காருவார், பேசுவார், கடிதம் எழுதுவார். இது சிசிலியின் கண்டுபிடிப்பு அல்ல. இலண்டனின் பேஸ்வாட்டரில் இருந்த புனித லூக்கா இல்லத்து நர்ஸுகள் ஏற்கெனவே இப்படித்தான் கொடுத்துவந்தார்கள். மாலை நேரத்தில் அங்கே தொண்டுசெய்யப் போனபோது அவர் பார்த்துக் கற்றார். 1958 முதல் ஹாக்னியில் உள்ள புனித ஜோசப் இல்லத்தில் இதையே நடைமுறையாக்கி, ஏறத்தாழ 1,100 நோயாளிகளின் குறிப்புகளைச் சேர்த்து, பழக்க பயம் மிகையானது என்று காட்டியதுதான் அவருடைய பங்கு. சிறிய பங்கு அல்ல.

வலி உடம்பில் மட்டும் இல்லை, பிள்ளைகளை யார் பார்ப்பார்கள் என்ற கவலையிலும், கடனிலும், கடவுள் ஏன் இப்படிச் செய்தார் என்ற கேள்வியிலும் இருக்கிறது என்பது அவர் கருத்து. ‘முழு வலி’ என்று அதற்குப் பெயர் வைத்தார். அதற்கேற்பவே இல்லமும் நடந்தது. பேரக்குழந்தைகள் வார்டுக்குள் வரலாம்; வீட்டு நாயையும் கூட்டி வரலாம்.

1969இல் இல்லத்து நர்ஸுகள் வீடுகளுக்கே போகத் தொடங்கினர். வார்டில் கற்றதை வீட்டுக் கட்டிலுக்குக் கொண்டுபோன இந்த ஏற்பாடுதான் பிறகு உலகெங்கும் அதிகம் பரவியது. இங்கே பயின்ற ஃபுளோரன்ஸ் வால்ட் அமெரிக்காவின் கனெக்டிகட்டில் ஹாஸ்பிஸ் தொடங்கக் காரணமானார். இங்கு வந்து பார்த்துப்போன பால்ஃபர் மவுண்ட் கனடாவின் மாண்ட்ரியலில் தொடங்கியபோது, அங்கே பிரெஞ்சு பேசுபவர்களின் காதில் ‘ஹாஸ்பிஸ்’ ஆதரவற்றோர் விடுதிபோல ஒலித்ததால் ‘பாலியேட்டிவ் கேர்’ என்று பெயரை மாற்றினார். இன்று டாக்டர்கள் வாயில் புழங்குவது அந்தப் பெயரே. சிசிலி 2005 ஜூலை 14 அன்று, தாம் கட்டிய இல்லத்திலேயே புற்றுநோயால் இறந்தார்.

இந்தியாவின் முதல் ஹாஸ்பிஸ் மும்பை பாந்த்ராவில் 1986இல் திறந்த சாந்தி அவேதனா சதன். அதற்கு முந்தைய ஆண்டு வந்த போதைப்பொருள் சட்டம் மார்ஃபினைப் பூட்டிவைத்திருந்தது. மார்ஃபின் எடுக்கும் அபினியை உரிமத்துடன் பயிரிடும் நாட்டில் புற்றுநோயாளிக்கு மார்ஃபின் மாத்திரை கிடைக்கவில்லை. 2014இல்தான் சட்டம் தளர்ந்தது. கோழிக்கோட்டில் 1993இல் எம். ஆர். ராஜகோபால், சுரேஷ்குமார் ஆகியோர் தொடங்கிய மையம் தொண்டர்களை நம்பி வீட்டுப் பராமரிப்பைக் கேரளம் முழுக்க வளர்த்தது. சென்னையில் புற்றுநோயாளிகளுக்கு ஜீவோதயா இல்லம் இருக்கிறது. தமிழ்நாடு அரசு 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் இந்தப் பராமரிப்பு வீட்டுக்கே வருகிறது. “இனிச் செய்ய ஒன்றுமில்லை, வீட்டுக்குக் கூட்டிப்போங்கள்” என்று டாக்டர் சொன்னால், ‘பாலியேட்டிவ் கேர்’ என்று பெயர் சொல்லிக் கேட்டு வாங்குங்கள்.